மாப்பிள்ளை காரின் ஃபேன் விஷயமாக

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா சொல்ல அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டு, மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே அதே மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். ஃபோனில் நீ அம்மாவோடு அரை மணி நேரம் பேசுகிறாய், பிறகு அம்மா என்னிடம் கொடுத்தால் சாப்பிட்டீங்களா என்கிறாய், நான் சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா என்கிறேன், நீ சாப்பிட்டேன் என்கிறாய், அதோடு முடிந்தது. இரண்டு வருஷமாக நாம் இரண்டு பேரும் சாப்பிட்டோம் என்பதைத் தவிர வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. இப்போது சொல்ல வேண்டியது அதற்குள் அடங்காது. நான் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், அவள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாலும் திருத்தக் கூடாது என்று சொல்லித்தான் அக்காவை உட்கார வைத்திருக்கிறேன். சரி என்றாள். முகத்தைப் பார்த்தால் முழுச் சம்மதம் மாதிரித் தெரியவில்லை, அதையும் எழுது என்றேன், எழுதிவிட்டாள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார், வீட்டுக்கு வந்ததும் நேரே மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தாள். நான் பார்க்கிறேன் என்றால் உங்க கண்ணை நம்பித் தொட்டியை விட முடியாது என்கிறாள். எதிர்வீட்டுத் தபால்காரர் காதுக்கு மெஷின் வாங்கிவிட்டார், அதனால் இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சண்டையை மெதுவாகத்தான் போடுகிறோம். உனக்கு இருமல் என்று அம்மா சொன்னாள். குளிர் தேசத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டே கிடந்தால் இருமல் வராமல் என்ன செய்யும், காலையில் பத்து நிமிஷமாவது திறந்து வை. சரி, விஷயத்துக்கு வருகிறேன், வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறாள்.

மாப்பிள்ளையின் காரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். டிரைவிங் ஸ்கூல் என்று போர்டு இருந்தாலும் அந்த ஸ்கூலுக்கு இருப்பது அந்த ஒரு கார்தான், வாத்தியாரும் மாப்பிள்ளை ஒருத்தர்தான். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் வேகமாகப் போக மாட்டார்கள். முதல் கியர், இரண்டாவது கியர், நிறுத்து, திரும்ப எடு, பின்னால் போ, திரும்பவும் நிறுத்து, நாள் முழுக்க இதுதான். மற்ற கார்களுக்கு ஓடும்போது முன்னால் வருகிற காற்றே எஞ்சினைக் குளிர வைத்துவிடும். இந்தக் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற கரண்ட் ஃபேன் சுற்றினால்தான் அதற்கு உயிர். அது நின்றுபோனால் மாப்பிள்ளைக்குத் தொழில் இல்லை, அக்காவுக்குச் சமையலறையில் வேலை இல்லை.

நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்தக் காருக்கு இரட்டை ஹாரன் மாட்டிக் கொடுத்தாய், மாப்பிள்ளை கேட்டுத்தான் மாட்டினாய். கிளம்புகிற அன்று நாம் ஐந்து பேரும் அந்தக் காரில்தான் விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம், அம்மா மடியில் உன் ஊறுகாய் பாட்டில், உன் மடியில் அந்தப் பெரிய பை. ரயில்வே கேட்டில் இருபத்திரண்டு நிமிஷம் நின்றோம். சரக்கு ரயில், நாற்பத்தெட்டுப் பெட்டி, நான் எண்ணினேன். முப்பதாவது பெட்டி போகும்போது பானெட்டிலிருந்து ஆவி வந்தது. மாப்பிள்ளை இறங்கித் திறந்து பார்த்துவிட்டு, நடு ரோட்டில் அத்தனை பேர் முன்னால், மச்சான் கை வெச்சதுல இருந்துதான் இப்படி என்றார். நீ, நான் தொட்டது ஹாரன் ஒயர், ஃபேன் ஒயரைத் தொடவே இல்லை, கரண்ட் திரும்பிப் போற எர்த்துக்குக்கூட பேட்டரி வரைக்கும் தனி ஒயர் இழுத்திருக்கேன் என்றாய். உண்மையைச் சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கும் ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஊரை விட்டுப் போற அன்னைக்குக்கூட ஒரு வேலையை உருப்படியாச் செய்ய மாட்டியாடா என்றேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்ற வாடகை வண்டியில் ஏறிப் போய்விட்டாய். ஊறுகாய் பாட்டில் அம்மா மடியிலேயே இருந்தது. நாங்கள் யாரும் விமான நிலையத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. மாப்பிள்ளை மறுநாளே உன் ஹாரன் இரண்டையும் ஒயரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழைய ஹாரனை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகும் கார் கொதித்தது. அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும், உன் ஹாரன் இல்லாமலும் கொதிக்கிறதே என்று. நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா, கழற்றினாலும் போகாத அளவுக்கு நீ ஆழமாகக் கெடுத்துவிட்டாய் என்று நினைத்தோம். மெக்கானிக்குகள் வந்தார்கள். முதல் ஆள் தெர்மோஸ்டாட் என்று மாற்றினார். இரண்டாவது ஆள் வாட்டர் பம்ப் என்றார். மூன்றாவது ஆள் ரேடியேட்டரைக் கழற்றிக் கொண்டுபோய்க் கழுவிக்கொண்டு வந்தார், அது பளிச்சென்று கொதித்தது. நான்காவது ஆள் ஃபேனையே புதுசாக மாற்றினார், அதுவும் பழைய ஃபேன் மாதிரியே நினைத்தால் ஓடும், நினைக்காவிட்டால் ஓடாது. ஐந்தாவது ஆள் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை, மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டுவிட்டு, எஞ்சின் போச்சு, வித்துடுங்க என்றார். ஒவ்வொருத்தரிடமும் மாப்பிள்ளை உன் பெயரில்தான் கதையை ஆரம்பிப்பார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு இருபது நிமிஷம் ரோட்டோரம் நின்றார்கள், பாதிப் பேர் வேறு ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். நானாவது பார்க்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். உங்க வீட்டு ஆளுங்க என் கார்ல கை வெச்ச வரைக்கும் போதும் மாமா என்றார். நானும் வற்புறுத்தவில்லை. நான் வேலை பார்த்த டிப்போவில் பஸ்ஸுக்கு ஃபேன் பெல்ட்டில் ஓடும், எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும், இந்தக் கரண்ட் ஃபேன் சங்கதி நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் காரை விற்றுவிடுவது என்று முடிவாகிவிட்டது. புரோக்கர் ஒருத்தர் வந்து காரைச் சுற்றி மூன்று தடவை நடந்தார், டயரைக் காலால் தட்டினார். அவர் வருத்தப்படுகிற மாதிரி இருந்தது. காரை விற்றுவிட்டு மாப்பிள்ளை எங்கேயோ ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டப் போவதாகவும், வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவதாகவும் பேச்சு. அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் வந்து, அப்பா, ஒரே ஒரு தடவை நீங்க பாருங்க, அப்புறம் விக்கட்டும் என்றாள். மாப்பிள்ளை விடுவாரா என்றேன். அவருக்கு நாளைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்குறாங்க, வாயில பஞ்சு வெச்சிருப்பாரு, பேச முடியாது என்றாள். இந்த அளவுக்கு யோசிக்கிறவள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், கன்னம் ஒரு பக்கம் உப்பிப்போய். நான் பானெட்டைத் திறந்தேன். கையை இரண்டு தடவை ஆட்டினார், எதையோ சொன்னார், பஞ்சுக்குள்ளிருந்து என்ன புரியும். சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு எழுத்து தெரியாது, அது உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நிறம் தெரியும். டிப்போவில் முப்பத்து மூன்று வருஷம் ஒயரை நிறத்தை வைத்தும் அது போகிற வழியை வைத்தும்தான் பார்த்தேன், எந்தப் புத்தகத்தையும் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயரை வைத்துப் பற்ற வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் என் சாமான்.

அக்காவை உள்ளே உட்கார வைத்து எஞ்சினை ஓட்டச் சொன்னேன், சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். பாதி தாண்டியது, முக்கால் வந்தது, ஃபேன் அசையவில்லை. அணைக்கச் சொன்னேன். சூடான காரில் ஃபேன் எந்த நேரமும் தானாகக் கிளம்பும், இறக்கைக்குள் விரலை விடக் கூடாது, நீயும் விடாதே. முதலில் ஃபேன் நல்லதா என்று பார்க்க வேண்டும் இல்லையா. அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் நேராகக் கொடுத்தேன், மாப்பிள்ளையின் தலைமுடி எழுந்து நிற்கிற அளவுக்குக் காற்று வந்தது. ஃபேன் மேல் குற்றம் இல்லை. பிளக்கைத் திரும்ப மாட்டினேன். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ரிலே என்று ஒரு சின்ன டப்பா இருக்கும், கரண்டைத் திறந்துவிடுகிற காவல்காரன். ஹாரனுக்கும் அதே அளவில் ஒன்று இருக்கிறது, இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு எஞ்சினைத் திரும்பச் சூடாக்கினேன். ஹாரன் அடித்தது, ஃபேன் ஓடவில்லை. காவல்காரன் மேலும் குற்றம் இல்லை. அந்தச் சூட்டிலேயே பல்பின் ஒரு ஒயரை பேட்டரி மைனஸில் வைத்து இன்னொன்றை ஃபேனுக்கு வருகிற சிவப்பு ஒயரில் பின்பக்கமாகத் தொட்டேன், எரிந்தது. கரண்ட் ஃபேன் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது, ஃபேன் கதவைத் திறக்கவில்லை. இந்த இடத்தில்தான் அந்த மெக்கானிக்குகள் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வேறு எதையாவது மாற்றக் கிளம்பியிருக்கிறார்கள். கரண்ட் வருகிறதா என்று எல்லோரும் பார்த்தார்கள், வந்த கரண்ட் திரும்பிப் போகிறதா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

நான் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். எல்லாம் சரியாக இருந்து வேலை மட்டும் நடக்கவில்லை என்றால் உட்கார்ந்துவிடுவது டிப்போ பழக்கம். பிறகு பல்பின் ஒரு ஒயரை பேட்டரி மைனஸிலேயே விட்டுவிட்டு, இன்னொன்றை ஃபேனிலிருந்து வெளியே போகிற கறுப்பு ஒயரில் தொட்டேன். அந்த இடத்தில் பல்பு எரியவே கூடாது. ஜோராக எரிந்தது. அக்கா உள்ளேயிருந்து கை தட்டினாள். எரிந்தால் நல்லது என்று நினைத்துவிட்டாள் பாவம். அடியே, எரியக் கூடாத இடத்துல எரியுது என்றேன். கரண்ட் போக வழியில்லாமல் என் பல்பு வழியாகத் தப்பித்துப் போகிறது என்று அர்த்தம். அந்தக் கறுப்பு ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே போனேன், கண்ணை விட விரல்தான் எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது. ரேடியேட்டர் ஓரமாகப் போய், ஹெட்லைட்டுக்குக் கீழே இறங்கி, காரின் உடம்பில் ஒரு போல்ட்டில் முடிந்தது. அந்த போல்ட் இருந்த இடம்தான் அந்த எஞ்சின் முழுக்கச் சுத்தமான இடம். துரு இல்லை, அழுக்கு இல்லை, சில்வர் பெயிண்ட் பூசி மினுமினுவென்று இருந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்.

அது என் பெயிண்ட். நம் வீட்டு கேட்டுக்கும், தபால்காரர் வீட்டு ஜன்னல் கம்பிக்கும், தெருக்குழாய்க்கும் அடித்த அதே பெயிண்ட். நீ ஹாரன் மாட்டிய அன்று செவ்வாய்க்கிழமை, நீலச் சட்டை போட்டிருந்தாய், வலது கையில் பொத்தான் இல்லை, காருக்கு அடியில் படுத்திருந்தாய். நான் சும்மா நின்றேன், கொஞ்சம் துரு கண்ணில் பட்டது. துருவைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது, டிப்போவில் அதற்கென்றே என்னைக் கூப்பிடுவார்கள். போல்ட்டைக் கழற்றி, ஒயரின் வளையத்தை ஒதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு கோட் அடித்தேன், மறுநாள் இன்னொரு கோட் அடித்துக் காயவிட்டு வளையத்தை வைத்து முறுக்கினேன். எங்கள் டிப்போ பஸ்ஸில் ஒவ்வொரு விளக்குக்கும் கரண்ட் போக ஒரு ஒயர், திரும்பி வர ஒரு ஒயர், பஸ்ஸின் உடம்பு வெறும் உடம்புதான், எங்கே வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம். காருக்கு உடம்பே திரும்பி வருகிற ஒயர். இது எனக்குத் தெரியாதா என்றால் தெரியும். என் கைக்குத் தெரியாது. பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது, போல்ட்டின் மரை எங்கேயாவது உரசிக்கொண்டிருந்தால் கொஞ்சம் போகும், அதுதான் நினைத்தால் ஓடுகிற ஃபேனின் ரகசியம். நீ காருக்கு அடியிலிருந்து, அப்பா அந்த போல்ட்ட விடுங்க என்றாய். ஹாரன் வேலையைப் பாருடா, நீ பிறக்கறதுக்கு முன்னாடியே நான் ஒயர் பிடிச்சவன் என்றேன்.

ஊரில் யார் எந்தக் கிழமை என்ன சொன்னார்கள் என்று கேட்க உங்களிடம்தான் வருகிறார்கள், இதை மட்டும் எப்படி இரண்டு வருஷம் மறந்தீர்கள் என்று பிற்பாடு அம்மா கேட்டாள். மறக்கவில்லை. பெயிண்ட் அடித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நல்ல காரியம் செய்ததாக ஞாபகம் இருந்தது.

இப்போது சொல்லப்போவதுதான் ஃபோனில் சொல்ல வராதது. போல்ட்டைப் பார்த்தேன், திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தேன், அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து பெயிண்ட்டைச் சுரண்டினேன், இரும்பு தெரிகிற வரைக்கும் தேய்த்தேன், சுரண்டினதை ஊதிவிட்டேன், ஒயரைத் திரும்ப முறுக்கினேன். எர்த் லூஸ், வேற ஒண்ணும் இல்லை என்றேன். அக்கா எஞ்சினை ஓட்டினாள், முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியதும் ஃபேன் கிளம்பியது, முள் இறங்கியது, ஃபேன் நின்றது, மறுபடி கிளம்பியது. ஒரு மணி நேரம் அப்படியே நிறுத்திப் பார்த்தோம். மாப்பிள்ளை ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், கண்ணில் தண்ணீர், பல் வலியாகவும் இருக்கலாம். புரோக்கரை வர வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

ஒன்பது நாள் நான் பெரிய மனுஷனாக இருந்தேன். பஞ்சை எடுத்ததும் மாப்பிள்ளை பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. மெக்கானிக் கடை கடையாகப் போய் என் மாமா ஒரு பல்பை வெச்சுக் கண்டுபிடிச்சார் என்று சொன்னார். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு கியரைச் சொல்லிக் கொடுக்கும் முன்னால் என்னைச் சொல்லிக் கொடுத்தார். காலையில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார், பின் சீட்டில் சாய்ந்துகொள்ள ஒரு தலையணைகூட வைத்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் கதையை ஒரே மாதிரி முடிப்பார், மச்சான் கெடுத்து வெச்சதை மாமா சரி பண்ணிட்டார் என்று. நான் வெளியே பார்ப்பேன். பதினேழு தடவை வெளியே பார்த்தேன். அக்காவிடம் நான் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணினாய், சாப்பிட்டீங்களா என்றாய், சாப்பிட்டேன் என்றேன். அன்று நான் சாப்பிடவில்லை.

பத்தாம் நாள் தையற்காரம்மா ஒருத்தி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசுக்கு மேல், தையல் மெஷின் பழக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு மிதிக்கிறவள், கார் துள்ளித் துள்ளித்தான் போகும். மார்க்கெட் தெருவில் ஊர்ந்துகொண்டிருந்தோம். மாப்பிள்ளை அவளிடம் கதையை ஆரம்பித்து, மச்சான் கெடுத்து வெச்சதை என்று வந்தார். நான் பின்னாலிருந்து, "அந்த போல்ட்டுல பெயிண்ட் அடிச்சது நான் மாப்பிள்ளை, அவன் இல்லை. அவன் வேண்டாம்னுதான் சொன்னான்" என்றேன்.

அந்தக் காரில் வாத்தியாருக்குத் தனி பிரேக் இருக்கிறது இல்லையா, அதை மிதித்துவிட்டார். நடுத்தெருவில் நின்றது. தையற்காரம்மா தான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டதாக நினைத்து மன்னிச்சுக்குங்க சார் என்றாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். மாப்பிள்ளை திரும்பவில்லை, முன்னால் இருக்கிற கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நின்ற இடத்தில் எஞ்சின் சூடாகி ஃபேன் கிளம்பியது, அந்தச் சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

"எத்தனை கோட்?" என்று கேட்டார்.

இரண்டு என்றேன். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து, முதல் கியர் போடுங்கம்மா என்றார்.

என்னைத் திட்டவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டார், தலையணையை எடுத்து என் கையில் கொடுத்தார், போய்விட்டார். நான் உள்ளே போய் அம்மாவிடமும் சொன்னேன். அவன் அன்னைக்கே சொன்னானே என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், சமையலறைக்குள் போய்விட்டாள். சோறு போடுகிறாள், தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கூடியிருக்கிறது, தபால்காரருக்கு மெஷின் இல்லாமலே கேட்கும். அக்கா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை, இப்போது எழுதும்போதுகூட மூக்கை உறிஞ்சுகிறாள். ஜலதோஷம் என்கிறாள், எழுது என்றேன்.

மாப்பிள்ளை மூன்றாம் நாள் அக்காவிடம் உன் நம்பரைக் கேட்டார், ரயில்வே கேட்டில் நின்ற அன்றே கோபத்தில் அழித்துவிட்டாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மெக்கானிக் கடைக்கும் திரும்பப் போய், முன்னால் சொன்ன கதை தப்பு, மச்சான் மேல ஒண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். என் பெயரைச் சொல்லவில்லை என்று கேள்வி. நான் நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். ஐந்தாவது ஆள் மட்டும் கடையில் இல்லை, நாளைக்குப் போக வேண்டும்.

ஆகையால் சின்னவனே, உன் ஒயரிங் சரியாக இருந்தது. நீ சொன்னது சரி. ரயில்வே கேட்டில் நான் சொன்னது தப்பு, அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அதையே நம்பினது அதை விடத் தப்பு, கண்டுபிடித்த பிறகு ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் விடத் தப்பு. முதல் இரண்டையும் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், மூன்றாவதைத் தெரிந்துதான் செய்தேன். நீ கோபமாக இருந்தால் இரு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்தாலும் வை.

உனக்கு ஒரு குறையும் வராமல், கையும் கண்ணும் நன்றாக இருந்து, வேலை செய்கிற இடத்தில் நல்ல பெயரோடு இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் நினைக்காத நாள் இல்லை. ராத்திரி கண் விழிக்காதே, இருமலுக்கு வெந்நீர் குடி, அங்கே வாங்கியிருக்கிற உன் காரில் எந்த போல்ட்டையும் யாரையும் அலங்காரம் பண்ண விடாதே.

ஒன்று மறந்துவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் காலை பத்து மணி இருக்கும்போது மாப்பிள்ளை உனக்கு ஃபோன் பண்ணுவார். எடு. முந்தாநாள் காரைக் கழுவிக்கொண்டே அவர் தனியாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன், கார் இப்ப நல்லா ஓடுது மச்சான் என்று ஆரம்பிக்கிறார், அதற்கு மேல் வரவில்லை, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, காரைப் பற்றித்தான் பேசுவார். முள் எங்கே நிற்கிறது, ஃபேன் எப்போது கிளம்புகிறது, மைலேஜ் எவ்வளவு என்று எல்லாம் சொல்வார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். எனக்கும் அது தெரியாதுதான், நானும் இத்தனை பக்கம் காரைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு. பக்கத்தில் நின்று வைக்கச் செய்தது: அக்கா)